கொட்டும் பாலுக்கு யார் காசு கொடுப்பது?

மடிநோய் கண்ட கறவை மாட்டுக்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்டால், இத்தனை நாள் வரை அந்தப் பாலைச் சங்கத்தில் ஊற்றக் கூடாது என்று கால்நடை மருத்துவர்கள் சொல்கிறார்கள். மருந்துப் புட்டியின் சீட்டிலும் அது அச்சிடப்பட்டிருக்கிறது. சொல்வது முற்றிலும் சரி. ஆனால் இரண்டு மாடு வைத்து ஜீவனம் நடத்தும் சிறு விவசாயியிடம் இதைச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள், அந்த நாட்களில் அவர் வீட்டுச் செலவு எப்படி நடக்கும் என்பதைச் சொல்வதில்லை. ஆன்டிபயாடிக் மருந்துகளைப் பற்றி இன்று நடக்கும் பேச்சில் விட்டுப்போன விஷயம் இதுதான்.

கணக்கு கடினமானதல்ல. நாளொன்றுக்கு 8 லிட்டர் கறக்கும் கலப்பின மாடு ஒன்று. கணக்குக்காக லிட்டர் 35 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாள் வரும்படி 280 ரூபாய். சிகிச்சைக்கு 3 நாள். அதற்கப்புறம் காத்திருக்க வேண்டிய காலம் மருந்துக்கு மருந்து மாறும். 3, 4 நாளில் முடிவதும் உண்டு, ஒரு வாரத்தைத் தாண்டுவதும் உண்டு. 7 நாள் என்று கொண்டால் மொத்தம் 10 நாள், 2,800 ரூபாய். மருந்துச் செலவு இதில் சேரவில்லை. தவிடும் பிண்ணாக்கும் சேரவில்லை. பால் விற்காத நாளிலும் மாடு தின்னத்தான் செய்யும்.

நான்கு காம்பில் ஒன்றில்தானே நோய், மற்ற மூன்றில் கறப்பதை ஊற்றினால் என்ன என்று கேட்கிறவர்கள் உண்டு. கழுத்தில் போட்ட ஊசி மருந்து இரத்தத்தில் கலந்து நான்கு பகுதிக்கும் போகிறது. காம்பு வழியே ஏற்றும் ட்யூப் மருந்தும் மடியிலிருந்து ஓரளவு இரத்தத்தில் ஏறுகிறது. ஆகவே ஒரு காம்புக்கு மருந்து என்றால் நான்கு காம்புப் பாலும் மருந்துப் பால்தான். இதில் சலுகை இல்லை.

2018-ம் ஆண்டு மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. அவற்றில் 77 மாதிரிகளில் ஆன்டிபயாடிக் மிச்சம் அனுமதித்த அளவுக்கு மேல் இருந்தது. நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று அதிகம். சிறிய எண்தானே என்று சமாதானம் கொள்ளலாம். ஆனால் அனுமதித்த அளவுக்குக் கீழே இருந்தவை இந்தக் கணக்கில் வரவில்லை. ஒரு மாட்டின் பால் ஒரு கேனிலும், கேன் பால் குளிர்விப்பு நிலையத் தொட்டியிலும் கலக்கும்போது ஒருவர் வீட்டு மருந்து ஊர்ப் பாலில் நீர்த்துக் காணாமல் போய்விடுகிறது. காணாமல் போகிறதே தவிர இல்லாமல் போவதில்லை.

மருந்து எப்படி வேலை செய்கிறது?

இது தெரிந்தால்தான் மற்றது விளங்கும். பாக்டீரியா என்ற கிருமி ஒரே ஒரு செல்லால் ஆனது. அதைச் சுற்றி உறுதியான சுவர் உண்டு. உள்ளே இருக்கும் அழுத்தம் அதிகம். சுவர் இல்லாவிட்டால் கிருமி தண்ணீரை இழுத்து ஊதி வெடித்துவிடும். கிருமி வளர்ந்து இரண்டாகப் பிரியும்போது இந்தச் சுவரைப் புதிதாகக் கட்ட வேண்டும். பென்சிலின், கட்டுகிற கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே பிணைப்பு விழாமல் தடுத்துவிடுகிறது. பூச்சு இல்லாமல் அடுக்கிய சுவர் மழைக்கு எப்படிச் சரியுமோ அப்படிச் சரிகிறது. மாட்டின் செல்லுக்கும் மனிதனின் செல்லுக்கும் இப்படிப்பட்ட சுவரே கிடையாது. அதனால்தான் கிருமியைக் கொல்லும் பென்சிலின் மாட்டைக் கொல்வதில்லை. 1928-ம் ஆண்டு லண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங் கவனித்த பூசணம் இத்தனை கோடி உயிர்களைக் காப்பாற்றியதற்குக் காரணம் இந்த ஒரு வித்தியாசம்தான்.

ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் சுவரைத் தொடுவதில்லை. கிருமிக்குள்ளே புரதம் தயாரிக்கும் பட்டறை ஒன்று உண்டு. அதில் போய் உட்கார்ந்து வேலையைக் கெடுக்கின்றன. சல்பா மருந்துகள் இன்னொரு வழி: கிருமி தனக்கு வேண்டிய போலிக் அமிலத்தைத் தானே தயாரித்துக்கொள்ள வேண்டும், அந்தத் தயாரிப்பை நிறுத்துகின்றன. ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களிடமிருந்து கிடைத்தவை. மண்ணுக்குள் ஒன்றோடு ஒன்று போட்டியிடும் நுண்ணுயிர்கள் ஒன்றையொன்று அடக்கத் தயாரித்துக்கொண்ட ஆயுதங்கள் அவை. விவசாயியின் காலடியிலேயே இருந்த சரக்கு என்று சொன்னால் தப்பில்லை.

எல்லா மருந்தும் எல்லாக் கிருமிக்கும் வேலை செய்யாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். மடிநோயை உண்டாக்கும் கிருமிகள் பலவகை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக்குப் பென்சிலின் நன்றாக வேலை செய்யும். சாணத்திலிருந்து மடிக்கு ஏறும் ஈ.கோலி கிருமிக்குச் சுவருக்கு வெளியே இன்னொரு தோல் உண்டு. சாதாரணப் பென்சிலின் அதைத் தாண்டுவதில்லை. ஸ்டபிலோகாக்கஸ் என்பது மடியின் சதைக்குள் பதுங்கிக்கொள்ளும். கறவைக் காலத்தில் எந்த மருந்துக்கும் எளிதில் மசியாது. வெளியே பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரி வீக்கம், ஒரே மாதிரி திரிந்த பால். கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து எந்தக் கிருமி என்று எப்படிக் கண்டுபிடிப்பார்?

வைரஸ் கிருமிக்குச் சுவரும் இல்லை, பட்டறையும் இல்லை. கோமாரி, தோல் கழலை நோய், ஆட்டுக் கொள்ளை நோய், கோழிக்கு வரும் வெள்ளைக் கழிச்சல் இவையெல்லாம் வைரஸ் நோய்கள். இவற்றை எந்த ஆன்டிபயாடிக்கும் கொல்லாது. கோமாரியில் வாயிலும் குளம்பிலும் விழுந்த புண்ணில் பாக்டீரியா சேர்ந்து சீழ் பிடித்தால் மருத்துவர் ஊசி போடுவார். அது புண்ணுக்கு, கோமாரிக்கு அல்ல. வெள்ளைக் கழிச்சல் வந்த பிறகு தண்ணீரில் மஞ்சள் பொடி மருந்தைக் கலக்கி வைப்பது காசைக் கரைத்து வைப்பதற்குச் சமம். அதற்குத் தடுப்பூசி ஒன்றே வழி, அதுவும் நோய் வருவதற்கு முன்னால்.

அதே சமயம், மருந்தே விஷம் என்று பேசுவதும் தவறு. அப்படிப் பேசும் போக்கும் இப்போது வளர்ந்திருக்கிறது. தொண்டை அடைப்பான் கண்ட எருமைக்கும் சப்பை நோய் கண்ட கன்றுக்கும் முதல் சில மணி நேரத்தில் சரியான ஆன்டிபயாடிக் விழாவிட்டால் மறுநாள் குழி வெட்ட வேண்டியதுதான். கஷாயம் கொடுத்துப் பார்க்கலாம் என்று அங்கே காத்திருக்கக் கூடாது.

பக்க விளைவுகள்

மாட்டின் வயிற்றில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வைக்கோலையும் புல்லையும் செரித்துக் கொடுக்கின்றன. வளர்ந்த மாட்டுக்கு ஆன்டிபயாடிக் மாத்திரையை வாய் வழியாகக் கொடுத்தால் அந்த நல்ல நுண்ணுயிர்களும் சாகும். மாடு அசைபோடுவதை நிறுத்தி, தீனி எடுக்காமல் நிற்கும். மனிதருக்கு வாங்கிய மாத்திரையை நாலாகக் கூட்டி மாட்டுக்குப் புகட்டும் பழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். டெட்ராசைக்ளின் வகை ஊசி போட்ட இடம் வீங்கி வலிக்கும். இரத்தக் குழாயில் வேகமாக ஏற்றினால் மாடு சுருண்டு விழுவதும் உண்டு. ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் வகைகள் அளவு மீறினால் சிறுநீரகத்தையும் காதையும் கெடுக்கும். பென்சிலின் ஒவ்வாமை உள்ள மனிதருக்கு ஒரு ஊசியே உயிருக்கு ஆபத்தாகலாம். அப்படிப்பட்டவருக்குப் பாலில் இருக்கும் மிச்சமும் தோல் தடிப்பை உண்டாக்கக்கூடும்.

ஊரில் ஊசி போட வருகிறவர் சிலர், ஆன்டிபயாடிக்கோடு வீக்கம் வற்றும் ஸ்டீராய்டு மருந்தையும் சேர்த்து ஏற்றிவிடுகிறார்கள். மாலையில் போட்டால் காலையில் மடி தளர்ந்திருக்கும். கைராசிக்காரர் என்று பெயரும் கிடைக்கும். சினை முற்றிய மாட்டுக்கு அதே ஊசி கன்றை விழத்தாட்டிவிடும். வீக்கம் வற்றியதால் கிருமி செத்தது என்றும் ஆகாது.

அந்த மூன்றாவது நாள்தான் ஆபத்தான நாள். மடி தளர்ந்துவிட்டது, மாடு தீனி எடுக்கிறது, மருத்துவர் சொன்ன கடைசி ஊசி பாக்கி. இன்னொரு ஊசி எதற்கு, செலவுதானே என்று தோன்றுவது இயல்பு. அல்லது 20 மில்லி போட வேண்டிய இடத்தில் கையில் இருந்த 10 மில்லியைப் போட்டுச் சமாளிப்பது. கோடிக்கணக்கான கிருமிகளில் சில இயற்கையிலேயே சற்றுக் கெட்டியானவை. குறைந்த மருந்தில் மற்றவை சாக, இவை பிழைத்து நிற்கும். ஈ.கோலி போன்ற கிருமி நல்ல சூழ்நிலையில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பெருகும். களை எடுக்கப்போய், மருந்துக்கு அடங்காத களைக்கு மட்டும் வயலைக் காலி செய்து கொடுத்த கதைதான். பென்சிலினைக் கண்டுபிடித்த பிளெமிங்கே 1945-ம் ஆண்டு நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில், போதாத அளவு மருந்து கொடுத்தால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என்று எச்சரித்தார். மருந்து புழக்கத்துக்கு வந்து சில வருஷங்களே ஆகியிருந்த நேரம் அது.

சில கிருமிகள் பென்சிலினை உடைக்கும் நொதியைத் தயாரித்துக்கொள்கின்றன. சில, உள்ளே வந்த மருந்தை மோட்டார் வைத்து இறைப்பதுபோல் வெளியே தள்ளுகின்றன. இந்த வித்தையைப் பக்கத்திலுள்ள வேறு ஜாதிக் கிருமிக்கும் சொல்லிக்கொடுக்கும் சக்தி அவற்றுக்கு உண்டு. அதனால்தான் மாட்டுக் கொட்டகையில் பிறந்த எதிர்ப்புச் சக்தி மாட்டுக் கொட்டகையோடு நிற்பதில்லை. சாணத்தில், எருவில், கறக்கும் கையில், கிணற்று நீரில் ஏறிக்கொள்கிறது. உலகம் முழுவதும் 2019-ம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவினால் நேரடியாக இறந்தவர்கள் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இதில் பெரும் பழி மனிதர் தாமே மருந்தைக் கண்டபடி தின்றதைச் சேரும். கொட்டகைக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கை மறைப்பதில் அர்த்தமில்லை.

பழி யார்மேல்?

பங்கு உண்டு என்றால் யாருடைய பங்கு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கால்நடைகளுக்கு ஆன்டிபயாடிக் தீவனமாகப் போகத் தொடங்கியது சிறு விவசாயியின் யோசனையால் அல்ல. அமெரிக்காவில் லெடர்லி ஆராய்ச்சிக்கூடத்தில் ஆரியோமைசின் என்ற மருந்து உருவாகி 1948-ல் வெளிவந்தது. அந்த ஆராய்ச்சியைத் தலைமையேற்று நடத்தியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகத சுப்பாராவ். மருந்து எடுத்தபின் மிஞ்சிய கழிவைக் கோழிக் குஞ்சுகளுக்குப் போட்டபோது அவை வேகமாக எடை ஏறின என்று 1950-ல் அதே இடத்து விஞ்ஞானிகள் கண்டார்கள். அவ்வளவுதான், நோயில்லாத கோழிக்கும் பன்றிக்கும் தினப்படி ஆன்டிபயாடிக் கலந்த தீவனம் என்ற பெரிய வியாபாரம் கிளம்பியது. தினமும் சிறிதளவு! கிருமியைப் பழக்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் யாரும் கட்ட முடியாது. 1986-ல் ஸ்வீடன் இந்த வழக்கத்தை நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 ஜனவரி முதல் தேதியோடு நின்றது. வேறு எந்த மருந்துக்கும் அடங்காத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுக்கும் கோலிஸ்டின் என்ற மருந்து இந்தியாவில் கோழித் தீவனத்திலும் போய்க்கொண்டிருந்தது. 2019 ஜூலையில்தான் உணவுக்கான கால்நடைகளில் அதற்கு மத்திய அரசு தடை விதித்தது. நாமக்கல்லிலோ பல்லடத்திலோ ஒப்பந்தத்துக்குக் கறிக்கோழி வளர்க்கும் சிறு விவசாயிக்குக் குஞ்சும் தீவனமும் கம்பெனியிலிருந்து வருகின்றன. மூட்டையில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு, கேட்கத்தான் வேண்டும். ஆனால் கலந்தவரை விட்டுவிட்டு வளர்த்தவரைக் குறை சொல்வது நியாயமாகாது.

பயிருக்கும் இந்தக் கதை உண்டு. நெல்லில் பாக்டீரியா இலைக்கருகலுக்கும் எலுமிச்சையில் சொறி நோய்க்கும் தெளித்துவந்த ஸ்ட்ரெப்டோசைக்ளின், ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் கலந்த பொடிதான். ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய்க்கு வந்த முதல் மருந்து. 2021 டிசம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் இந்தக் கலவையைப் பயிரில் நிறுத்துவதற்கான வரைவு ஆணையை வெளியிட்டது. குலைநோய் பூசணத்தால் வருவது. அதற்கும் இதைத் தெளித்தவர்கள் உண்டு. ஒரு பலனும் இருந்திருக்காது.

கறவை மாட்டு விவசாயிக்கு வருவோம். அவர் மருந்துக்கடைக்குப் போவது பேராசையால் அல்ல. மாலை 6 மணிக்கு மடி கல்லாக இறுகியிருக்கிறது. கால்நடை மருந்தகம் பக்கத்து ஊரில். மருத்துவர் மறுநாள் காலையில்தான். கடையில் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, கடைக்காரர் கொடுத்துவிடுகிறார். 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும் என்பது இன்று ஒரு வசதி. எல்லா நேரமும் எல்லா ஊருக்கும் உடனே வந்து நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால் மருந்து தேவைப்படும் நிலைக்கே மாட்டைக் கொண்டுபோகாமல் இருப்பதில்தான் விவசாயியின் கை ஓங்கியிருக்கிறது.

இதற்குச் செலவு சொற்பம். கறவைக்கு முன் முதல் இரண்டு மூன்று பீய்ச்சலைக் கறுப்புத் துணியின்மேல் விட்டுப் பார்த்தால் திரி திரியாகத் தெரியும். வீக்கம் வருமுன்பே நோய் பிடிபடும். சங்கத்தில் கலிபோர்னியா சோதனைத் திரவம் ஒரு புட்டி வாங்கி வைத்தால் இன்னும் முன்னதாகவே பிடிபடும்: சோப்பு வகைத் திரவம்தான், சம அளவு பாலோடு சேர்த்து ஆட்டினால் நோயுள்ள பால் கஞ்சிபோல் கெட்டியாகும். கறந்து முடிந்ததும் காம்பை அயோடின் கரைசலில் நனைப்பது, உடனே மாடு படுத்துவிடாமல் அரை மணி நேரம் தீவனம் போட்டு நிற்க வைப்பது. காம்புத் துவாரம் கறவைக்குப்பின் சற்று நேரம் திறந்தே இருக்கும், சாணத்தில் படுத்தால் கிருமி நேரே உள்ளே போகும். நோய் கண்ட மாட்டைக் கடைசியில் கறக்க வேண்டும். இவ்வளவும் பாட்டிமார்களுக்குப் பாதி தெரிந்த விஷயம்.

வீக்கம் லேசாக இருந்து மாடு தீனி எடுக்கும் நிலையில், சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, மடியைக் கழுவி, தண்ணீரில் கரைத்து நாளைக்குப் பத்து முறை, 5 நாள் பூசும் முறையைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் தேசிய பால்வள வாரியமும் பரப்பி வருகின்றன. முதல் நாளே தொடங்கினால் பலன் தெரிகிறது. காய்ச்சல் கண்டு, தீனி விட்டு, பாலில் இரத்தமோ தண்ணீரோ வந்தால் அது கற்றாழைக்கு மிஞ்சிய நோய். மருத்துவரை அழைத்தே ஆக வேண்டும். முதல் ஊசிக்கு முன்னால் காம்பை ஸ்பிரிட்டில் துடைத்து, சுத்தமான சிறு புட்டியில் கொஞ்சம் பால் பிடித்துப் பனிக்கட்டியில் வைத்துக் கொடுத்தால், எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று மாவட்ட நோய்ப் புலனாய்வுப் பிரிவில் பார்க்க முடியும். ஊசி போட்ட பிறகு எடுத்த பாலில் சரியான விடை கிடைக்காது.

ஊசி விழுந்துவிட்டால் பாலை நிறுத்த வேண்டும். மருந்துச் சீட்டில் காலம் போடவில்லையென்றால் பாலுக்கு 7 நாளுக்கும், இறைச்சிக்கு 28 நாளுக்கும் குறையக் கூடாது என்பது 2012-ல் வந்த மத்திய விதி. காய்ச்சினால் மருந்து போய்விடும் என்பது தப்பு எண்ணம். வீட்டிலேயே பார்க்கலாம்: மருந்துப் பாலைக் காய்ச்சி உறை ஊற்றினால் பல சமயம் தயிர் தோயாது. உறைமோரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவை மருந்து சாகடித்துவிடுகிறது. தோய்ந்துவிட்டால் மருந்து இல்லை என்றும் அர்த்தமல்ல. கொஞ்சமாக இருந்தால் தோயும். இந்தப் பாலைக் கன்றுக்கு விடுவதும் கூடாது. கன்றின் வயிற்றுக் கிருமிகள் பழகிப்போகும். கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் எட்ட ஒரு குழி வெட்டி அதில் ஊற்றுவதுதான் முறை.

10 பைசா

இப்படிக் குழியில் ஊற்றிய 2,800 ரூபாயை விவசாயி ஒருவரே சுமக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. சுத்தமான பாலால் லாபம் அடைவது குடிக்கிறவர்கள் எல்லோரும், சங்கம், ஒன்றியம், தயிரும் வெண்ணெயும் செய்து விற்கிறவர்கள். நஷ்டம் மட்டும் ஒரு கொட்டகையில். மாடு செத்தால் பணம் தரக் காப்பீடு இருக்கிறது. யோக்கியமாகப் பாலைக் கொட்டியவருக்கு ஒன்றும் இல்லை. கொழுப்புக்கும் திடப்பொருளுக்கும் விலை போடும் கிராமச் சங்கத்தில் யோக்கியத்துக்கு விலை இல்லை என்றால், மருந்துப் பால் கேனுக்குள் போவதை எந்தப் பிரசாரமும் தடுக்காது.

ஒரு வழி இருக்கிறது. நாளொன்றுக்கு 500 லிட்டர் கொள்முதல் செய்யும் சங்கம் லிட்டருக்கு 10 பைசா ஒதுக்கினால் நாளைக்கு 50 ரூபாய், வருஷத்துக்கு 18,250 ரூபாய் சேரும். அதே அளவை ஒன்றியமும் போட்டால் 36,500. மேலே சொன்ன கணக்குப்படி 13 மாடுகளுக்கு முழுத் தொகை கொடுக்கலாம். நாளைக்கு 8 லிட்டர் வீதம் பார்த்தால் அந்தச் சங்கத்துக்குப் பால் தருவது 60 சொச்சம் மாடுகள். அத்தனையில் வருஷத்துக்கு 13 மாட்டுக்கு ஊசி என்பது போதுமான ஏற்பாடுதான். கூடுதலாக வந்தால் பாதி விலை கொடுக்கலாம்; பாதி விலைக்கே பலர் பாலை நிறுத்துவார்கள்.

ஊசி போடாமலே போட்டதாகச் சொல்லிப் பணம் வாங்குவார்களே என்று சங்கச் செயலாளர்கள் சொல்லக்கூடும். சிலர் முயலத்தான் செய்வார்கள். கால்நடை மருத்துவர் எழுதிய சீட்டும், அதில் மாட்டின் காதில் மாட்டிய 12 இலக்க எண்ணும் இருந்தால் மட்டும் தொகை என்று விதி வைத்தால் போதும். இதில் இன்னொரு ஆதாயமும் கிடைக்கிறது. கடையில் வாங்கிய ஊசிக்குத் தொகை இல்லை என்றானால் விவசாயி தானாகவே மருத்துவரிடம் போவார். சீட்டில்லாமல் விற்காதே என்று கடைக்காரரிடம் இத்தனை காலம் சொல்லி நடக்காத காரியம் இந்த வழியில் பாதியாவது நடக்கும்.

தனியார் பால் பண்ணைகளுக்கு ஊற்றுகிறவர்கள் எண்ணிக்கையும் குறைவல்ல. கொள்முதல் ஒப்பந்தத்தில் இதே 10 பைசாவைச் சேர்க்க அரசு நிபந்தனை விதிக்கலாம். வீடு வீடாகப் பால் ஊற்றுகிறவருக்கு மட்டும் இப்போதைக்கு வழி தெரியவில்லை. அவருடைய பாலைக் குடிக்கும் நாலு வீட்டார் அந்த வாரத்துக்கு மட்டும் வேறு இடத்தில் வாங்கிக்கொண்டு, அடுத்த வாரம் மறுபடி அவரிடமே வந்தால் அதுவே பெரிய உதவி.

கூட்டுறவுச் சங்கங்களின் பேரவைக் கூட்டத்தில் போனஸ் பற்றியும் கலப்புத் தீவன விலை பற்றியும் பேச்சு நடக்கிறது. மருந்துப் பாலுக்கு ஒதுக்கீடு என்ற ஒரு வரியை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி உறுப்பினர்கள் கூட்டத்துக்கு முன்பே எழுத்துமூலம் கேட்க வேண்டும். தீர்மானம் நிறைவேறினால் அதன் நகலை ஒன்றியத்துக்கு அனுப்பி, அவர்கள் பங்கான 10 பைசாவையும் கையோடு கேட்டுவிடுவது நல்லது.